மேம்பாலம் ஏற நாற்பத்தெட்டு விநாடி

தராசம்மாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் நகரத்தின் ஏழு சந்தைகளிலும் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. கடைகளில் இருக்கிற தராசும் எடைக்கல்லும் ஒழுங்காக நிறுக்கின்றனவா என்று சோதித்து முத்திரை வைக்கிற அரசாங்க வேலை அவளுக்கு. இருபத்தெட்டு வருஷமாக அதே வேலைதான். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருந்தாலும் கண்டுபிடிப்பாள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே சுண்டுவிரலால் தட்டை அமுக்கினாலும் கண்டுபிடிப்பாள். அவள் சந்தையின் ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனையில் நாலைந்து கடைக்காரர்களுக்கு ஒரே நேரத்தில் பசி வந்து, கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உலகத்தில் ஏமாறுவதற்கென்றே பிறந்தவர்கள் சிலர் உண்டு. தராசம்மா அந்த ரகம் இல்லை.

அலுவலகத்தில் இருந்த ஒரே ஜீப்பும் படுத்துவிட்ட பிறகு, சோதனைக் கற்கள் அடுக்கிய மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ்ஸில் போய்வர வேண்டியதாயிற்று. பெட்டி இருபது கிலோ. "உள்ள ஆள் யாரும் ஒளிஞ்சிருக்காங்களா? இருந்தா அவங்களுக்கும் டிக்கெட் எடுத்துடுங்க," என்று கண்டக்டர் தினமும் ஒரே நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர் வாங்கலாமென்றால் சந்தைச் சந்துகளில் நுழையாது, அவளுக்கும் ஓட்டத் தெரியாது. சைக்கிள் நன்றாகத் தெரியும். ஐம்பத்திரண்டு வயதில் இருபது கிலோவை ஏற்றிக்கொண்டு வெறும் சைக்கிளை மிதிக்க முடியாது என்பதும் தெரியும். ஆகவே மின்சைக்கிள் என்று முடிவாயிற்று.

"ஆறு நாள் எடைக்கு, ஏழாவது நாள் எனக்கு," என்றாள் கணவரிடம். நகருக்கு வெளியே நீர்த்தேக்கம் வரைக்கும் ஒரு சாலை போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சாலையில் காற்று முகத்தில் அடிக்கப் போகவேண்டும் என்று அவளுக்குப் பல வருஷத்து ஆசை. ஆசையை ஒத்திப்போட்டே பழகிய பெண், இந்த முறை ஒத்திப்போடவில்லை.

கணவர் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். முப்பது வருஷமாக மனிதர்களை உள்பக்கமாகப் பார்த்துப் பழகியவர். தெருவில் யாரையாவது அறிமுகப்படுத்தினால் முகம் மறந்துவிடும், தோள்பட்டை ஞாபகமிருக்கும். குரல் உயர்த்த மாட்டார். காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து தேநீர் போடுவார். மனைவியின் பெட்டியை மூன்று மாடி இறக்கி வாசலில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். நல்ல மனிதர் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்வதில் தப்பும் இல்லை.

சைக்கிள் தேடுவதில் மூன்று மாதம் போயிற்று. ஐந்து கடை. ஐந்துக்கும் அவர் கூடவே வந்தார்.

மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல, தராசம்மா ஒவ்வொரு சைக்கிளையும் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாள். முதல் கடைக்காரர், ஒரு தடவை சார்ஜ் போட்டால் எண்பது கிலோமீட்டர் போகும் என்றார்.

"யார் ஓட்டினா எண்பது?" என்றாள் அவள்.

"யார் ஓட்டினாலும்தான்."

"நீங்க ஓட்டியிருக்கீங்களா?"

கடைக்காரர் தம் தொப்பையைத் தடவிக்கொண்டு பேச்சை மாற்றினார். இரண்டாவது கடையில் சைக்கிளின் எடை பத்தொன்பது கிலோ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் எதிர்ச் சாரியில் இருந்த தானியக் கடைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், தானே முத்திரை வைத்த தராசில் ஏற்றினாள். இருபத்து நாலு காட்டியது.

"அஞ்சு கிலோ எங்கேர்ந்து வந்தது?"

"அது பேட்டரி சேர்க்காம சொல்றதுங்க."

"பேட்டரி இல்லாம ஓடுமா?"

"ஓடாதுங்க."

"அப்ப சைக்கிளையும் சேர்க்காமச் சொல்லிட வேண்டியதுதானே. இன்னும் லேசா இருக்குமே." கூட நின்ற எக்ஸ்ரேக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

கடைக்காரர்கள் சொல்லும் கணக்கு எதற்கும் ஆகாது என்று தெரிந்த பிறகு அவள் தானே ஒரு அளவுகோல் செய்தாள். அவள் வேலைக்குப் போகிற வழியில் ரயில் பாதையைத் தாண்டும் மேம்பாலம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சைக்கிளையும் அங்கே கொண்டுபோய், பின்னால் இருபது கிலோ பெட்டியைக் கட்டி, ஒரே இடத்தில் கால் ஊன்றிப் புறப்பட்டு, பாலத்தின் உச்சியில் இருக்கும் விளக்குக் கம்பம் வரை ஏறினாள். எப்போதும் மாலை நாலு மணிக்கு, ஒரே செருப்போடு. உச்சியில் நின்று கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்தவர் கணவர்தான். சக்கரத்துக்குள் மோட்டார் வைத்த முதல் சைக்கிள் பாதியில் முனகி நின்றுவிட்டது. அடுத்ததற்கு இரண்டரை நிமிஷம். மூன்றாவது வேகமாகத்தான் ஏறியது, ஆனால் மிதிப்பதை நிறுத்தினாலும் சற்று நேரம் தன்பாட்டுக்கு ஓடியது. "சொல் பேச்சுக் கேக்காதது எனக்கு வேண்டாம்," என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். நாலாவதற்கும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று.

ஐந்தாவது கடையின் சைக்கிளில் மோட்டார் மிதிகட்டையின் அச்சிலேயே இருந்தது. கால் எவ்வளவு அழுத்துகிறதோ அதற்குத் தக்கபடி துணை கொடுக்கும். அவள் மிதித்தாள். யாரோ பின்னாலிருந்து கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. பாலத்தில் ஒரு லாரி முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது, அதைத் தாண்டிக்கொண்டு வந்தாள். உச்சியை எட்டும்போது வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். நடுத்தெருவில் தான் அப்படிச் சிரித்து எத்தனை வருஷமாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

"எவ்வளவு?"

"நாப்பத்தெட்டு விநாடி," என்றார் கணவர். அவர் முகம் வெளுத்திருந்தது. மலைத்துப் போய்விட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதையே வாங்கினாள். காட்சிக்கு ஒன்றை வைத்துச் சோதிக்க விட்டு, கட்டித் தரும்போது வேறொன்றைத் தள்ளிவிடுவது பழைய வித்தை என்பதால், சோதித்த அதே சைக்கிள்தான் வேண்டும் என்று அடம்பிடித்து, சைக்கிளின் இரும்புச் சட்டத்தில் பொறித்திருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, பெயின்டால் ஒரு புள்ளியும் வைத்தாள். பெட்டி வைக்கப் பின்னால் இரும்புத் தாங்கி பொருத்த ஒரு நாள் வேண்டும் என்றார்கள். மறுநாள் அவளுக்குச் சந்தையில் வேலை இருந்தது. "நீ ஏன் அலையறே? நான் போய் எடுத்துட்டு வர்றேன்," என்றார் கணவர். அவரே போய் எடுத்துக்கொண்டு வந்தார். அவள் சட்டத்தின் எண்ணைப் பார்த்தாள், புள்ளியைப் பார்த்தாள். இரண்டும் சரியாக இருந்தன.

முதல் நாளே சைக்கிள் முன்போல ஓடவில்லை. பாலம் ஏற ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி ஆயிற்று. கைப்பிடித் திரையில் மோட்டாரின் துணை உச்சமான ஐந்தாம் கட்டத்தில் இருப்பதாகத்தான் காட்டியது. தள்ளிவிட்ட அந்தக் கையைத்தான் காணோம். மறுநாள் ஒன்று ஐம்பத்தைந்து. வேறு யாராக இருந்தாலும் நேரே கடைக்குப் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பார்கள். தராசம்மா போகவில்லை. இந்த இடத்தில் அவள்மேல் எனக்குக் கோபம் வருகிறது, ஆனால் அவளுடைய தொழில் அப்படி. ஒரு தராசைச் சோதித்து முத்திரை வைத்துவிட்டால் ஒரு வருஷத்துக்கு அது சரியான தராசு. யாராவது புகார் கொடுத்தால் ஒழிய அதற்குள் மறுசோதனை கிடையாது. இருபத்தெட்டு வருஷம் அந்தச் சட்டத்தில் ஊறியவள். தான் சோதித்துத் தேர்ந்தெடுத்த சைக்கிள்மேல் தானே எப்படிப் புகார் கொடுப்பாள்? சைக்கிள் மாறவில்லையென்றால் வேறு ஏதோ மாறியிருக்கிறது. பாலத்தில் ஏறியது இரண்டே பொருள்தானே, சைக்கிளும் அவளும்.

சிறு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தாள்: "வண்டி சரி. ஓட்டுபவர் தளர்ச்சி."

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் நீர்த்தேக்கத்துக்குப் போனார்கள். அவர் தம் பழைய வெறும் சைக்கிளில் வந்தார். ஏற்றங்களில் அவர் முன்னால் போய் மரத்தடியில் காத்திருப்பார். மோட்டார் வைத்த சைக்கிளில் அவள் வியர்த்து விறுவிறுத்து வந்து சேருவாள்.

"மெதுவா வா, மெதுவா வா. என்ன அவசரம்?" என்று தண்ணீர்ப் பாட்டிலை நீட்டுவார். ஒரு தடவை, "மோட்டார் வாங்கினது நீயா நானான்னே தெரியலையே," என்று கேலிகூடச் செய்தார். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து குளிக்கும்போது முழங்காலை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டாள். வலிக்கிறதா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பத்து தடவை அழுத்தினால் எந்த முட்டிதான் வலிக்காது.

மூன்றாம் மாதம் கடையில் முதல் சர்வீஸ். அதற்கும் அவரே எடுத்துக்கொண்டு போனார்.

நாலாம் மாதம் அவள் வாய்விட்டுச் சொன்னாள். "எனக்கு என்னமோ ஆயிடுச்சுங்க. நாலு மாசத்துக்கு முன்னால ஏறின பாலத்தை இப்ப ஏற முடியலை. கால்ல பலமே இல்லை. ஒரு படம் எடுத்துப் பாத்துடலாமா?"

அவர் தேநீர்த் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு, "எடுத்துடலாமே," என்றார்.

அவரே எடுத்தார். குளிர்ந்த மேசைமேல் அவளைப் படுக்கவைத்து, கால்களை நேராக நீட்டி, முட்டிக்கு அடியில் தகட்டைச் சரிசெய்தார். "அசையாதே," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போனார். அவள் அசையவில்லை. கூரையில் இருந்த ஒரு ஈரக்கறையைப் பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச வருஷம் ஓடினால் போதும் என்று தன் முட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். படத்தை வெளிச்சத்தில் பிடித்து அவர் வெகுநேரம் பார்த்தார். "தேய்மானம் இருக்கு," என்றார். அவளும் எட்டிப் பார்த்தாள். வெள்ளையும் சாம்பலும்தான் தெரிந்தன. தராசு தெரிந்தவளுக்கு எலும்பு தெரியுமா? அவர் சொன்னால் சரி.

அவளுடைய சுற்று என்பது ஏழு சந்தை, முந்நூற்றுச் சொச்சம் கடை. பாதிச் சுற்றில் உட்கார்ந்துவிட்டால் மீதிக் கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம், வாங்க வருகிறவர்களுக்கு நூறு கிராம் நஷ்டம். முடியாதவள் இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கக்கூடாது என்று இரண்டு வாரம் தூக்கமில்லாமல் யோசித்துவிட்டு, அலுவலகத்துக்குள்ளேயே மேசை வேலை கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். மருத்துவச் சான்று கேட்டார்கள். "நீ வந்து வரிசையில நிக்க வேண்டாம், டாக்டர் நம்ம ஆளுதான்," என்று கணவரே வாங்கிக்கொண்டு வந்தார். முழங்கால் தேய்மானம், வெளிவேலைக்கு உகந்தவரல்ல என்று அதில் எழுதியிருந்தது. படித்தபோது அவளுக்கு மளுக்கென்று கண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் அவர் மேசை நாற்காலிக்கென்று ஒரு பஞ்சு மெத்தை வாங்கி வந்தார். வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அதன் உறையைக் கழற்றி மாட்டிப் பார்த்தார்.

உத்தரவு வந்தது. வருகிற திங்கட்கிழமையிலிருந்து சுற்றுக்கு வேறு ஆள்.

அதற்கு முந்தின புதன்கிழமை, கடைசிச் சந்தையின் கடைசிக் கடையையும் முடித்துக்கொண்டு திரும்பும்போது பின் டயரில் ஆணி ஏறிவிட்டது. நல்ல வேளையாகப் பக்கத்தில் அதே கம்பெனியின் வேறொரு கடை இருந்தது. அங்கே மெக்கானிக் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும், கையெல்லாம் கிரீஸ். பஞ்சர் ஒட்டிவிட்டு, "பேட்டரியையும் பாத்துடறேன்கா, காசு வேண்டாம்," என்று ஒரு வயரைச் செருகிக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

"வயசானவங்க யாராவது ஓட்டறாங்களாக்கா, இதை?"

"நான்தான் ஓட்டறேன். ஏன்?"

"மோட்டாரைப் பாதி சக்திக்கும் கீழ கட்டிப் போட்டிருக்கே. திரையில அஞ்சுன்னு காட்டும், உள்ள ரெண்டுதான் வரும். இதை வச்சுக்கிட்டா இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு அலையறீங்க? உங்க காலுக்குக் கோயில் கட்டலாம்."

தராசம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. "யாரு கட்டினது? கடைக்காரங்களா?"

"அவங்களா செய்ய மாட்டாங்க. உரிமையாளர் தரப்பில கேட்டாத்தான் செய்வாங்க. பாருங்க, எழுதியிருக்கு." அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். சைக்கிள் வாங்கிய மறுநாள் தேதி. 'உரிமையாளரின் கணவர் கோரியபடி.' கீழே அவருடைய போன் நம்பர். அதற்குக் கீழே முதல் சர்வீஸ் தேதி. 'கட்டுப்பாட்டை அப்படியே தொடரும்படி கணவர் கூறினார்.'

"எடுத்துடவாக்கா?"

"எடுத்துடும்மா," என்றாள்.

மேம்பாலத்தின் அடியில், வழக்கமான இடத்தில் கால் ஊன்றினாள். பெட்டி பின்னால் இருந்தது. மிதித்தாள். ஐம்பது விநாடி. பஞ்சர் ஒட்டிய டயரோடு, நாள் முழுக்கச் சுற்றிய களைப்போடு, ஐம்பது. உச்சியில் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். ஆறு மாதம். ஆறு மாதமாகத் தன் காலையே திருடனைப் பார்ப்பது போலப் பார்த்திருக்கிறாள். எக்ஸ்ரே அறையின் அந்தக் குளிர்ந்த மேசை நினைவுக்கு வந்தது. அசையாதே என்று சொன்ன குரல் நினைவுக்கு வந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே சொன்ன குரல். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதைக்கூட இவர் மெத்தென்ற கையால் செய்திருக்கிறார்.

அங்கேயே நின்று வேறு ஊரில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள். ஐயையோ, அப்படியா என்று மகள் பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. புதிதாகக் கேட்கிறவள் போலவே இல்லை.

"அம்மா... அப்பா உன் நல்லதுக்குத்தாம்மா..."

தராசம்மா போனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டியைக் கட்டிப் போட்டது நீங்களா?"

இல்லவே இல்லை என்று சாதித்திருந்தால்கூடக் கத்துவதற்கு வசதியாக இருந்திருக்கும். அவர் துணியை மடித்து வைத்துவிட்டு, "எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"அதுவா இப்ப முக்கியம்?"

"அன்னிக்கு நீ பாலத்துல ஏறி வந்தப்ப பக்கத்துலேயே லாரி. உனக்கும் அதுக்கும் நடுவில ஒரு கை அகலம்கூட இல்லை. நீ சிரிச்சுக்கிட்டே வர்றே. தினம் மூணு பேர் நாலு பேரை என் முன்னால கொண்டுவந்து போடறாங்க. அவங்களும் வீட்டிலேர்ந்து சிரிச்சுக்கிட்டுதான் கிளம்பியிருப்பாங்க."

"பயமா இருக்குன்னு என்கிட்டே சொல்றதுதானே?"

"சொன்னா கேப்பியா நீ?"

"கேட்டிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். சண்டைகூடப் போட முடியாத ஆளா நான்? முதுகுக்குப் பின்னால போய்க் கடைக்காரன்கிட்ட கைகட்டி நிக்கணுமா?"

"கொஞ்சம் கொஞ்சமா ஏத்திடலாம்னுதான் நினைச்சேன்."

"ஏத்தலையே."

"நீ ஆபீஸ்ல உக்காரப் போறேன்னியா... அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன்."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. கேட்கவும் பயமாக இருந்தது. "என் முட்டியில என்ன இருந்தது?"

அவர் தரையைப் பார்த்தார். "வயசுக்கு உள்ளதுதான். ஒண்ணுமில்லை."

"இத்தனை வருஷமா எத்தனையோ பேர் என்னை ஏமாத்தப் பாத்திருக்காங்க," என்றாள். "எல்லாரும் தராசைத்தான் கெடுத்தாங்க. என் காலை நானே நம்பாம போற மாதிரி ஒருத்தன்கூடச் செய்யலை. அதுக்குக் கூடவே படுத்து எழுந்திரிக்கிற ஆள் வேணும் போல."

எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக மேலதிகாரியின் அறைக்குப் போனாள். அவளைவிடப் பத்து வயது சின்னவர், அவளிடமே வேலை கற்றுக்கொண்டவர். சுற்றைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதும் அவருக்குச் சந்தோஷம்தான்.

"தாராளமா இருங்கக்கா. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடுத்தீங்கன்னா உத்தரவை ரத்து பண்ணிடலாம். ஆனா சும்மா சரியாயிடுச்சுன்னு எழுதினா மேல ஒத்துக்க மாட்டாங்க. தேய்ஞ்ச முட்டி எப்படி வளரும்னு கேப்பாங்க. சர்டிபிகேட் தப்புன்னா தப்புன்னே எழுதணும். யார் வாங்கிக் குடுத்தது, எப்படித் தப்பாச்சுன்னு ஆஸ்பத்திரிக்குக் கேள்வி போகும். அதையும் யோசிச்சுக்குங்க."

அவள் யோசித்தாள். நாள் முழுக்க அதே யோசனைதான். அவருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை என்று ஆஸ்பத்திரியில் பெயர் வாங்கியவர். எழுதினால் அந்தப் பெயர் சந்தி சிரித்துவிடும். கோபம் ஒரு பக்கம் கொதித்தது. இன்னொரு பக்கம், மூன்று மாடி பெட்டியை இறக்கி வைக்கிற மனிதர், தினமும் தேநீர் போடுகிற கை. சாயங்காலம் வீடு திரும்பும்போது, போகட்டும், மூன்றாம் மனிதரிடம் இவரைக் காட்டிக்கொடுத்துவிட்டு அந்தச் சுற்றை வாங்கவேண்டுமா என்றுதான் மனம் வந்திருந்தது.

அவர் வாசலிலேயே காத்திருந்தார். "என்ன சொன்னாங்க?"

ஒன்றுவிடாமல் சொன்னாள். எழுதினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"எழுதப் போறியா?"

"இல்லை. மனசு வரலை."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்காகப் பார்க்கிறோம் என்று அப்போது அவளுக்கே தெரியவில்லை. 'எழுது, வர்றதை நான் பாத்துக்கறேன்' என்று அந்த நிமிஷம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சத்தியமாக எழுதியிருக்க மாட்டாள்.

அவர் நெஞ்சுக்குள் அடைத்துவைத்திருந்த மூச்சை மெதுவாக விட்டார். தோள் இறங்கியது. முகம் தெளிந்தது. "அதான் நல்லது," என்றார். "எதுக்கு வீண் வம்பு? வெயில்ல அலைஞ்சது போதும். ஃபேன் காத்துல உக்காந்து வேலை பாரு. ஞாயித்துக்கிழமை பழையபடி நீர்த்தேக்கம் போலாம். மோட்டார்க் கட்டு எடுத்தாச்சு இல்லே? நீயே முன்னால போ, நான் பின்னாடி வர்றேன்." பேசப் பேச அவருக்கு உற்சாகம் ஏறிக்கொண்டே போயிற்று. அவளுடைய ஏழு சந்தையைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை.

பாலத்தின் உச்சியில் அழுததைவிட இப்போது வலித்தது. அதற்காவது பயம் என்று ஒரு காரணம் சொன்னார். இதற்கு என்ன காரணம் சொல்வார்? நேற்றுகூட, அவர் காப்பாற்றப் பார்த்தது மனைவியை என்று நினைத்திருந்தாள்.

"ஒரு வெள்ளைத் தாள் எடுத்துக் குடுங்க," என்றாள்.

ஏதாவது ஒரு வேலை சொல்லமாட்டாளா என்று காத்திருந்தவர் போல ஓடிப்போய் எடுத்து வந்தார். கூடவே பேனாவும் கொண்டுவந்து, எழுதுகிறதா என்று செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

"யாருக்கு? பொண்ணுக்கா?"

அவள் எழுதினாள். 'ஐயா, என் முழங்காலில் எந்தக் குறையும் இல்லை.' அவர் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. "என்னம்மா இது... இல்லைன்னு சொன்னியே," என்றார் அவர். அடுத்த வரியில் அவருடைய பெயர் வரவேண்டும். பேனா ஒரு கணம் நின்றது. பிறகு முழுப்பெயரையும், கீழே அவர் பார்க்கும் வேலையையும், பிழையில்லாமல் எழுதினாள்.